டெஸ்ட் பாஸ் பண்ணிய கையோடு கட்டுப்படியாகும் கார் இன்சூரன்ஸ்: பிரித்தானியாவில் படிப்படியாக ஒரு வழிகாட்டி

17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், டெஸ்ட் பாஸ் பண்ணி முதல் காரைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தக்காரப் பிள்ளைகள், தெரிந்த பிள்ளைகள் என்று பலருக்குப் பக்கத்தில் இருந்து கொட்டேஷன் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லாரும் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் காரைப் பார்க்கிறார்கள், பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். வருகிற தொகை பல நேரம் காரின் விலையைவிடக் கூட.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இது பொருந்தும். வட அயர்லாந்தில் சில விதிகள் வேறு.

1. டெஸ்ட் நாளுக்கு முன்பே: வீட்டுக்கு யார் ஓட்டி வருவது?

எல்லாரும் கடைசியில் யோசிப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழகுநர்களுக்கான குறுகிய கால இன்சூரன்ஸ் பெரும்பாலும் டெஸ்ட் பாஸான நிமிடத்தோடு முடிந்துவிடும். வந்த அதே காரில், அதே இருக்கையில் உட்கார்ந்து நீங்கள் திரும்ப ஓட்டினால் அது இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டமாகிவிடலாம்.

அப்பாவின் வருட பாலிசியில் புரொவிஷனல் லைசன்ஸோடு உங்களைச் சேர்த்திருந்தாலும் இதே கதைதான். பாஸான உடனே கம்பனிக்குச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாக ஓட்டப் போகிறீர்கள் என்பதால் அவர்கள் விலையைக் கூட்டுவார்கள். எவ்வளவு கூடும் என்று டெஸ்டுக்கு முன்னரே போன் பண்ணிக் கேட்டு வையுங்கள்.

இதில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதமும், லைசன்ஸில் 6 தண்டப் பொயின்ட்ஸும். புதிதாக லைசன்ஸ் எடுத்தவர் முதல் 2 வருடத்துக்குள் 6 பொயின்ட்ஸ் சேர்த்தால் லைசன்ஸையே ரத்து செய்துவிடுவார்கள். தியரி, பிராக்டிகல் இரண்டையும் மறுபடி முதலில் இருந்து எழுத வேண்டும். ஒரே ஒரு முறை பிடிபட்டாலே எல்லாம் போய்விடும் என்ற கணக்கு இது.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

கொட்டேஷன் படிவத்தைத் திறக்கும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: லைசன்ஸ் நம்பர், டெஸ்ட் பாஸான திகதி, கார் இரவில் நிற்கப்போகும் முகவரி, வருட மைல் கணக்கு, உங்கள் வேலை அல்லது படிப்பு, பாலிசியில் சேர்க்க நினைக்கும் மற்றவரின் விவரங்கள்.

அந்த மற்றவர் பெரும்பாலும் அம்மா அல்லது அப்பா. "உங்களுக்கு பொயின்ட்ஸ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் "சீ, எனக்கா?" என்பார்கள். நம்பாதீர்கள். லைசன்ஸ் கொடுக்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏயின் இணையத்தளத்தில் லைசன்ஸ் நம்பர், நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், போஸ்ட்கோட் மூன்றையும் போட்டால் ஒருவரின் பதிவை அவரே பார்த்துக்கொள்ளலாம். எப்போதோ வந்த ஒரு ஸ்பீட் கமரா கடிதம் அங்கே எஸ்பி30 என்ற வேகக் குற்றக் குறியீடாக நிற்கும். கம்பனிகள் வழக்கமாகக் கடந்த 5 வருடத்தைக் கேட்கும். விபத்துகளும் அப்படித்தான்: பிழை யாருடையது என்றாலும், கிளைம் பண்ணாவிட்டாலும், கேள்வி கேட்கப்பட்டால் சொல்ல வேண்டும்.

ஒரே தாளில் எழுதச் சொல்வது ஏனென்றால், நாலைந்து இடத்தில் இதே விவரத்தைப் போடப்போகிறீர்கள். ஓரிடத்தில் 5,000 மைல், இன்னோரிடத்தில் 7,000 மைல் என்று போட்டால் வருகிற விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

3. காரை வாங்காமல், காரின் நம்பரை மட்டும் எடுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிகக் காசை மிச்சம் பிடிப்பது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விற்பனை விளம்பரங்களில் பிடித்த ஏழெட்டுக் கார்களின் நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பல கம்பனிகளின் விலையை ஒன்றாகக் காட்டும் ஒப்பீட்டுத் தளம் ஒன்றில் (பெயர்கள் 6ஆம் படியில்) உங்கள் விவரங்களை ஒரு தடவை நிரப்பிவிட்டு, நம்பர் பிளேட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். காரை இன்னும் வாங்கவில்லை என்று சொல்லவும் படிவத்தில் இடம் இருக்கும். கொட்டேஷன் பார்ப்பதால் உங்கள் கிரெடிட் ஸ்கோர் இறங்காது. எத்தனை முறையும் பார்க்கலாம்.

இங்கே நீண்ட காலமாக கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப்களாகப் பிரித்திருக்கிறார்கள். குரூப் குறையக் குறைய இன்சூரன்ஸ் மலிவு. ஃபோக்ஸ்வாகன் அப், சியட் மீ, ஸ்கோடா சிட்டிகோ மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கார்தான். அவற்றின் 1.0 எஞ்சின் அடிப்படை மொடல்கள் குரூப் 1 பக்கம் நிற்கும். ஹியூண்டாய் ஐ10, கியா பிகான்டோ போன்றவற்றின் சிறிய எஞ்சின் மொடல்களும் கீழே உள்ள குரூப்கள்தான்.

ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் குரூப்பும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். ஒரே வருடத்து கோர்சாவில் 1.0 எஞ்சினும் 1.4 டர்போவும் இருக்கும், குரூப்பில் பெரிய வித்தியாசம் இருக்கும். அதனால்தான் மொடல் பெயரை விட்டுவிட்டு நம்பர் பிளேட்டைப் போடச் சொல்கிறேன்.

இன்னொன்று, குரூப் மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. புது டிரைவர்கள் கூட்டமாக வாங்கும் சில மொடல்களைவிட, யாரும் ஸ்டைல் என்று சொல்லாத, குடும்பத்துக்காரர் ஓட்டுகிற ஒரு கார் மலிவாக வருவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். குரூப் கொஞ்சம் கூட இருந்தாலும்கூட. ஆகவே மனதுக்குப் பிடிக்காத இரண்டு காரையும் பட்டியலில் போட்டுப் பாருங்கள்.

இங்கே விழுகிற குழிகள்:

பழைய ஜேர்மன் கார். 2,000 பவுண்டுக்கு ஒரு பிஎம்டபிள்யூ 1 சீரிஸ் கிடைக்கிறதே என்று ஆசை வரும். பதினெட்டு வயதுக்காரருக்கு அதன் இன்சூரன்ஸ் பார்த்த பிறகு அந்த விலை ஏன் அவ்வளவு குறைவு என்று புரியும்.

மாற்றங்கள் செய்த கார். அலாய் வீல், கறுப்புக் கண்ணாடி, எக்ஸோஸ்ட், எஞ்சின் ரீமேப், எதுவாக இருந்தாலும் கம்பனிக்குச் சொல்ல வேண்டும். முந்தைய சொந்தக்காரர் செய்தது என்பது பதிலாகாது. வாங்கும் முன் காரைச் சுற்றி நடந்து பாருங்கள், தொழிற்சாலையில் இருந்து வந்தபடி இல்லாத எதையும் கேளுங்கள்.

கட் எஸ், கட் என் கார்கள். விபத்தில் சிக்கி, கம்பனி கைவிட்டு, பிறகு திருத்தி விற்கப்படுபவை. எஸ் என்றால் கட்டமைப்பில் சேதம், என் என்றால் கட்டமைப்பில் சேதமில்லை. விலை மலிவுதான். ஆனால் சில கம்பனிகள் இன்சூரன்ஸே தராது, தந்தாலும் நாளைக்கு கிளைம் வந்தால் காரின் மதிப்பைக் குறைத்தே போடும்.

4. படிவத்தில் விலையை ஆட்டிப் படைக்கும் நான்கு பெட்டிகள்

*வருட மைல்.* பலர் கண்ணை மூடிக்கொண்டு 10,000 என்று போடுகிறார்கள், அல்லது மலிவாகட்டும் என்று 2,000. இரண்டும் வேண்டாம். கணக்குப் போடுங்கள். ஹரோவில் வீடு, அக்ஸ்பிரிட்ஜில் யூனி (பல்கலைக்கழகம்) என்று வையுங்கள். ஒரு வழி ஏறக்குறைய 8 மைல், வாரத்தில் 4 நாள், வருடத்தில் 30 வாரம்: 1,920 மைல். சனி, ஞாயிறு வேலைக்கு ஒரு வழி 3 மைல், 50 வாரம்: 600. கோவில், கடை, சொந்தக்காரர் வீடு என்று வாரம் 30 மைல்: 1,500. லெஸ்டருக்கு இரண்டு தடவை போய் வர 400. மொத்தம் 4,420. கொஞ்சம் கூட்டி 5,000 என்று போடலாம். வருட நடுவில் கூடிப்போகும் போலிருந்தால் கம்பனிக்குச் சொல்லி ஏற்றலாம். ரொம்பக் குறைந்த மைல் போட்டால் எப்போதும் மலிவு என்றும் இல்லை. அதுவே விலையை ஏற்றிய கொட்டேஷன்களும் உண்டு.

*வேலையின் பெயர்.* பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரே வேலைக்கு உண்மையான பெயர் இரண்டு மூன்று இருக்கும். உணவகத்தில் சமையலறையில் நிற்பவர் பட்டியலில் "செஃப்" என்றும் "கிச்சன் அசிஸ்டன்ட்" என்றும் காண்பார். எது உங்கள் வேலைக்குப் பொருந்துகிறதோ, பொருந்துகிறவற்றில் எது மலிவோ அதை எடுங்கள். மேலாளர் கேட்டால் ஆமாம் என்று சொல்வாரா? அதுதான் அளவுகோல். படிப்பும் பகுதிநேர வேலையும் சேர்ந்திருந்தால் இரண்டையும் போட வேண்டும்.

*பயன்பாடு.* மூன்று நிலை உண்டு: சொந்த ஓட்டம் மட்டும், வேலைக்கோ படிப்புக்கோ போய் வருவதும் சேர்த்து, தொழில் விஷயமாக ஓட்டுவது. ஸ்டேஷன் வரை ஓட்டிப்போய் அங்கே காரை விட்டு ரயில் ஏறுவதும் இரண்டாவது நிலைதான். இரண்டாவதற்கும் முதலாவதற்கும் விலை வித்தியாசம் பல நேரம் சொற்பம். அதை மிச்சம் பிடிக்கப்போய் யூனி வாசலில் இடிபட்டால் கஷ்டம்.

*இரவில் கார் நிற்கும் இடம்.* போஸ்ட்கோட் விலையை நிறையவே மாற்றும். அதனால்தான் சிலர் கிராமத்தில் இருக்கும் மாமாவின் முகவரியைப் போடுகிறார்கள். யூனிக்காக வேறு ஊரில் தங்கியிருந்து கார் அங்கேயே நின்றால் அந்த முகவரியைத்தான் போட வேண்டும். கிளைம் வந்தால் அவர்கள் முதலில் சரிபார்ப்பதும் இதைத்தான்.

2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்வது உங்கள் கடமை. கவனக்குறைவாகப் பிழை விட்டால் கிளைம் தொகையை வெட்டலாம். தெரிந்தே பொய் சொன்னால் பாலிசியையே செல்லாததாக்கலாம். ஒருமுறை அப்படி நடந்துவிட்டால், பிறகு எங்கே போனாலும் "உங்கள் பாலிசி எப்போதாவது ரத்தானதா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

5. "தேர்ட் பார்ட்டி மட்டும்தான் மலிவு" என்பதை நம்பாமல் மூன்றையும் பாருங்கள்

சட்டப்படி குறைந்தபட்சம் தேர்ட் பார்ட்டி, அதாவது நீங்கள் மற்றவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு மட்டும் காப்பு. அடுத்தது அதோடு தீ, திருட்டு சேர்ந்தது. மூன்றாவது ஃபுல் கொம்ப் என்று எல்லாரும் சொல்லும் முழுக் காப்பு.

குறைவான காப்புக்குக் குறைவான விலை என்று நினைப்பது இயல்பு. நடைமுறையில் ஃபுல் கொம்ப் மலிவாக வருவது சாதாரணம். ஆபத்தான டிரைவர்கள் தேர்ட் பார்ட்டியைத் தேடி வருவதால், அதைக் கேட்பவரை எல்லாம் கம்பனிகள் அந்தக் கணக்கில் சேர்த்து விலை போடுகின்றன. மூன்றையும் மாற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஃபுல் கொம்ப் இருந்தால் எந்தக் காரையும் ஓட்டலாம் என்று ஒரு பேச்சு நம்மவர்களிடம் இருக்கிறது. 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்த வசதியைப் பொதுவாகத் தருவதில்லை. மச்சானின் காரை எடுக்கும் முன் உங்கள் சான்றிதழில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருநாள் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.

6. எப்போது, எங்கே தேடுவது

பாலிசி தொடங்கும் நாளுக்கு மூன்று, மூன்றரை வாரம் முன்பு எடுக்கும் கொட்டேஷன்தான் பொதுவாக மலிவு. "இன்றைக்கே வேண்டும்" என்று வருபவரிடம் கம்பனிகள் கூடக் கேட்கும். நேரத்தோடு ஏற்பாடு செய்பவர் பொறுப்பான டிரைவர் என்பது அவர்களின் கணக்கு. காரை முதலில் வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்: கார் விற்பவரின் வாசலில் நிற்கிறது, வீட்டுக்குக் கொண்டுவர இன்றைக்கே இன்சூரன்ஸ் வேண்டும். பழைய சொந்தக்காரரின் இன்சூரன்ஸும் ரோட் டாக்ஸும் காரோடு வராது.

பிறந்தநாள் நெருங்கினால் தொடக்கத் திகதியை அதற்குப் பிறகு வைத்தும் ஒரு தடவை பாருங்கள்.

மணிசூப்பர்மார்க்கெட், கம்பெயார் த மார்க்கெட், கன்ஃபியூஸ்ட் டொட் கொம், கோகம்பெயார் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வரும் கம்பனிகளும் விலைகளும் சரியாக ஒன்றல்ல. பிறகு அவற்றில் வராத கம்பனிகளையும், புது டிரைவர்களுக்கென்றே பாலிசி விற்பவர்களையும் நேரே பாருங்கள். இலங்கை, இந்திய லைசன்ஸில் ஓட்டிய அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்க விரும்பினால் புரோக்கர் ஒருவரிடம் பேசுவது நல்லது.

அந்த லைசன்ஸ் பற்றி இரண்டு வரி: இங்கே குடியேறியதில் இருந்து 12 மாதம் வரை அதில் ஓட்டலாம். அதற்குப் பிறகு இரண்டு நாட்டு லைசன்ஸையும் நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது, புரொவிஷனல் எடுத்து டெஸ்ட் எழுத வேண்டும். ஊரில் பத்து வருடம் ஓட்டியிருந்தாலும் பல கம்பனிகளுக்கு நீங்கள் புது டிரைவர்தான்.

7. நேர்மையான வழியில் விலையை இறக்குவது

*நேம்ட் டிரைவர்.* பல வருடம் சுத்தமாக ஓட்டிய ஒருவரை உங்கள் பாலிசியில் இரண்டாவது டிரைவராகச் சேர்த்தால் விலை இறங்கலாம். சில நேரம் நூற்றுக்கணக்கில். அம்மாவைத் தனியாக, அப்பாவைத் தனியாக, இருவரையும் சேர்த்து என்று மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். அண்மையில் கிளைம் பண்ணியவரைச் சேர்த்தால் ஏறும். அவர் எப்போதாவது உண்மையில் அந்தக் காரை ஓட்டுபவராக இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் பெரியப்பாவைச் சேர்ப்பது சரிவராது.

*எக்ஸஸ்.* கிளைம் வந்தால் முதலில் நீங்கள் கட்ட வேண்டிய பகுதி. கட்டாய எக்ஸஸ், வயது குறைந்தவர் எக்ஸஸ், நீங்களாக ஏற்றுக்கொள்ளும் எக்ஸஸ் எல்லாம் ஒன்றாகக் கூடும். உதாரணமாக 400, 300, 500 என்றால் 1,200 பவுண்ட். கார் 2,000 பவுண்ட் பெறுமதி என்றால், முழுதாக நொறுங்கினாலும் கைக்கு வருவது 800. நீங்களாக ஏற்பதை 0, 250, 500 என்று மாற்றிப் பாருங்கள். 250க்கு மேல் ஏற்றியும் விலை இருபது முப்பது பவுண்ட்தான் இறங்குகிறது என்றால் ஏற்றாதீர்கள்.

*பாஸ் பிளஸ்.* டெஸ்டுக்குப் பிறகு குறைந்தது 6 மணி நேரம் எடுக்கும் பயிற்சி. எல்லாக் கம்பனியும் இதற்குத் தள்ளுபடி தருவதில்லை. தருகிற கம்பனியின் தள்ளுபடி பயிற்சிச் செலவைவிடக் கூடவா என்று பார்த்த பிறகே சேருங்கள். மோட்டர்வே பயம் போகவேண்டும் என்பதற்காக எடுத்தால் அது வேறு விஷயம்.

*பிளாக் பொக்ஸ்.* புது டிரைவருக்கு மிகப் பெரிய இறக்கம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. காரில் பொருத்தும் பெட்டி, சொருகும் கருவி, கண்ணாடியில் ஒட்டும் வில்லையோடு போன் ஆப் என்று பல வடிவம். வேகம், பிரேக் அடிக்கும் விதம், வளைவில் திரும்பும் விதம், ஓட்டும் நேரம் எல்லாவற்றையும் பதிவு செய்யும்.

எடுப்பதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். இரவில் ஓட்டினால் மதிப்பெண் குறையுமா, தனிக் கட்டணமா? உணவகத்தில் வேலை முடிந்து நள்ளிரவு வருபவருக்கும், பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் நிற்பவருக்கும் இந்த ஒரு கேள்வியே போதும், சில பாலிசிகளைக் கழித்துக்கட்ட. மைல் முடிந்தால் கூடுதல் மைல் என்ன விலை? பொருத்த, கழற்ற, கார் மாற்றினால் மாற்றிப் பொருத்த எவ்வளவு? மதிப்பெண் எவ்வளவு கீழே போனால் பாலிசியை ரத்து செய்வார்கள்?

பெட்டி உங்களைப் பார்க்காது, காரைத்தான் பார்க்கும். அண்ணன் எடுத்துக்கொண்டு ஏ40இல் பறந்தாலும் மதிப்பெண் இறங்குவது உங்கள் பாலிசியில். சாவியை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

8. மலிவாகத் தெரிகிற மூன்று பொறிகள்

*அப்பா பெயரில் எடுப்பது.* தினமும் ஓட்டுவது மகன், ஆனால் மெயின் டிரைவர் அப்பா என்று எழுதுவது. இங்கே இதை ஃப்ரன்டிங் என்பார்கள், இது மோசடி. நம் வீடுகளில் இதை யாரும் மோசடியாக நினைப்பதில்லை, "அப்பாவின் கார்தானே" என்பார்கள். கிளைம் வந்ததும் கம்பனி கேட்பது: விபத்து எங்கே, எத்தனை மணிக்கு, கார் ஏன் அங்கே நின்றது, யூனியின் பார்க்கிங் பெர்மிட் யார் பெயரில். பாலிசி செல்லாது என்று முடிவானால் உங்கள் காருக்கு ஒன்றும் கிடைக்காது. எதிராளிக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திருப்பிக் கேட்கவும் முடியும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாக வழக்கும் வரலாம், அப்போது முதல் படியில் சொன்ன 6 பொயின்ட்ஸ். உண்மையிலேயே அப்பாதான் அதிகம் ஓட்டுகிறார், நீங்கள் வார இறுதியில் மட்டும் என்றால் அது முற்றிலும் சரி.

*டெலிவரி.* ஊபர் ஈட்ஸ், டெலிவரூ, ஜஸ்ட் ஈட் என்று மாலையில் இரண்டு மணி நேரம் ஓடினாலும் சாதாரண பாலிசி அதற்குச் செல்லாது. "தொழில் பயன்பாடு" என்று போட்டாலும் போதாது. கூலிக்குப் பொருள் கொண்டுபோவதற்கென்று தனி வகை இன்சூரன்ஸ் உண்டு, புது டிரைவருக்கு அது விலை கூட. டெலிவரி வருமானத்தை நம்பி கார் வாங்குகிறவர் இந்த விலையைப் பார்த்த பிறகு கணக்குப் போடுங்கள்.

*வட்ஸ்அப் அண்ணா.* "எனக்குத் தெரிந்த ஒருத்தர் பாதி விலைக்கு எடுத்துத் தருவார்." இந்த வசனத்தைக் கேட்டால் விலகி நில்லுங்கள். இவர்களுக்கு கோஸ்ட் புரோக்கர் என்று பெயர். சிலர் போலிச் சான்றிதழ் அச்சடித்துத் தருவார்கள். சிலர் உண்மையான பாலிசியை எடுத்து, உங்கள் வயது, வேலை, முகவரி எல்லாவற்றையும் மாற்றிப் போடுவார்கள். சிலர் எடுத்துவிட்டு மறுவாரமே ரத்து செய்து, திரும்பி வரும் காசைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள். பொலிஸ் நிறுத்தும்போதுதான் உங்களுக்குத் தெரியும். விற்பவர் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏயின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம்மவர், தமிழில் பேசுகிறார் என்பதெல்லாம் அத்தாட்சி ஆகாது.

9. காசு கட்டும் முன் கடைசிப் பார்வை

ஒப்பீட்டுத் தளத்தில் மிக மேலே வந்ததை அப்படியே எடுக்காதீர்கள். முதல் மூன்றைத் திறந்து மொத்த எக்ஸஸ், இரவு நேர நிபந்தனை, ரத்துக் கட்டணம், விவரம் மாற்றக் கட்டணம் ஆகியவற்றைப் பாருங்கள். வீடு மாறவோ கார் மாற்றவோ போகிறவருக்குக் கடைசி இரண்டும் முக்கியம். தானாக டிக் போட்டு வரும் கூடுதல்களையும் எடுத்துவிடுங்கள். உங்கள் வங்கிக் கணக்கோடு பிரேக்டவுன் உதவி ஏற்கனவே வரக்கூடும்.

மாதாமாதம் கட்டுவது கடன். வட்டி சில கம்பனிகளில் 20 விழுக்காட்டையும் தாண்டும். 1,500 பவுண்ட் பாலிசிக்கு முன்பணம் 250, பிறகு 130 வீதம் 11 மாதம் என்றால் மொத்தம் 1,680. அந்த 180 பவுண்டை மிச்சம் பிடிக்க வீட்டில் யாராவது மொத்தமாகக் கட்டி, நீங்கள் அவருக்கு மாதாமாதம் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் மாதத் தொகையை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். தவறினால் பாலிசி ரத்தாகும், அந்தக் கறை கூடவே வரும்.

ஆவணங்கள் வந்ததும் பெயர், நம்பர் பிளேட், திகதி, மைல், பயன்பாடு ஐந்தையும் வரி வரியாகப் பாருங்கள். பிழை இருந்தாலோ மனம் மாறினாலோ 14 நாளுக்குள் விலகலாம். ஓட்டிய நாட்களுக்கான தொகையும் சிறு கட்டணமும் மட்டும் கழிப்பார்கள். பிளாக் பொக்ஸ் பொருத்தியிருந்தால் அதன் செலவும் சேரலாம்.

10. முதல் வருடமும் ரினியூவலும்

முதல் வருடம் கிளைம் இல்லாமல் முடிந்தால் ஒரு வருட நோ கிளைம்ஸ் (கிளைம் பண்ணாததற்கான தள்ளுபடி) கிடைக்கும். இரண்டாவது வருடம் விலை நன்றாக இறங்க இதுவே முக்கிய காரணம். அப்பாவின் பாலிசியில் நேம்ட் டிரைவராக இருந்தால் பெரும்பாலும் இது சேராது. சில கம்பனிகள் மட்டும் நேம்ட் டிரைவருக்கும் கணக்கு வைக்கின்றன, அதையும் பெரும்பாலும் தங்களிடமே பாலிசி எடுத்தால்தான் மதிக்கின்றன. ஆகவே முதல் வருடம் சொந்தப் பெயரில் 200 பவுண்ட் கூடப் போனாலும் அதுவே நல்லது என்பது என் கருத்து.

வீடு, வேலை, பொயின்ட்ஸ், மைல் எது மாறினாலும் அப்போதே சொல்லுங்கள். காரை ஓட்டாமல் வைத்திருந்தாலும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிவிஎல்ஏவிடம் சோர்ன் என்ற, கார் ரோட்டில் இல்லை என்னும் அறிவிப்பைக் கொடுத்து, காரை வீட்டு வளவுக்குள் ஏற்றி நிறுத்த வேண்டும்.

2022 ஜனவரியில் இருந்து, பழைய வாடிக்கையாளரிடம் ரினியூவலுக்குப் புதியவரைவிடக் கூடக் கேட்கக் கூடாது என்று எஃப்சிஏ விதி வைத்திருக்கிறது. அதற்காக வருகிற கடிதத்தை அப்படியே ஏற்க வேண்டாம். விதி அந்த ஒரு கம்பனியின் விலைக்குத்தான். வேறு கம்பனி இன்னும் குறைவாகத் தரலாம். பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே போனில் ஒரு நினைவூட்டல் வைத்து, தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டாவது படியில் எழுதிய தாளை எடுத்துத் திருத்துங்கள்: லைசன்ஸ் வயது 1 வருடம், நோ கிளைம்ஸ் 1 வருடம், மைல் இந்த வருடம் உண்மையில் ஓடியது எவ்வளவோ அது. வேறு இடத்தில் குறைந்த விலை கிடைத்தால் உங்கள் கம்பனிக்கே போன் பண்ணி அந்த விலையைச் சொல்லுங்கள். இறக்கித் தந்தால் இருங்கள். தராவிட்டால் நோ கிளைம்ஸ் சான்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு மாறுங்கள். புதுக் கம்பனி அதைக் கேட்கும்.